உங்கள் செய்தி கிடைத்தது

அவளிடம் யாரும் "சரியாயிருச்சு" என்று சொல்லிவிட்டுத் தப்பித்துப் போக முடியாது. "எங்க, காட்டு" என்பாள். காட்ட வேண்டும். காட்டினாலும் விடமாட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து, எழுத்து எழுத்தாகப் பார்ப்பாள். பார்த்து முடித்ததும் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போவாள். அந்த "ம்" கிடைத்த அன்று எங்கள் ஆபீசில் டீயோடு வடையும் வரும்.

நாங்கள் வேலை பார்த்தது விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில். கீழே டைல்ஸ் கடை. அங்கே கல் அறுக்கும்போது மேலே எங்கள் மேசைகள் லேசாக நடுங்கும். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று மதுரையைச் சுற்றியிருப்பவர்களுக்கு ஜாவாவில் வலைத்தளங்கள் எழுதிக் கொடுக்கிற சின்னக் கம்பெனி அது. அவள் புரோகிராம் எழுதுகிறவள். நான் வாடிக்கையாளர்களின் போனை எடுத்துப் பேசுகிறவள். இரண்டு பேரும் ஒரே வருஷம் சேர்ந்தோம், ஒரே ஜன்னலோரம் உட்கார்ந்தோம். சின்னப் பையன்கள் எல்லாம் அவளை அக்கா என்பார்கள். நான் "ஏ புள்ள" என்பேன். பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், எழுத்துப் பிழையில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

எல்லோரும் புதிதாக எழுதிய பக்கத்தைச் சோதிக்க ஆங்கிலத்தில் "டெஸ்ட்" என்று அடிப்பார்கள். அவள் தமிழில் "கொழுக்கட்டை" என்று அடிப்பாள். ஒற்றைக்கொம்பு, கால், புள்ளி, ஐகாரம் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறதாம். அது போய் டேட்டாபேசில் உட்கார்ந்து, திரும்பிக் கொழுக்கட்டையாகவே வந்தால்தான் அவளுக்கு நிம்மதி. எங்கள் கம்பெனி செய்த எந்தத் தளத்தைத் தோண்டினாலும் அடியில் ஒரு கொழுக்கட்டை கிடக்கும். ஒரு ஆஸ்பத்திரிக்காரர் போன் போட்டு, "ஏம்மா, கொழுக்கட்டைன்னு ஒரு பேஷண்டு அட்மிட் ஆயிருக்காரே, யாரு அவரு?" என்று கேட்டதை நான்தான் எடுத்துப் பேசினேன்.

தமிழ் எழுத்து உடைகிற கேஸ் என்றால் எங்கிருந்தாலும் அவளிடம்தான் வரும். போனில் ஒருவர் தட்டுகிற எழுத்து வெறும் எண்களாக மாறித்தான் பயணம் போகிறது. பக்கத்திலிருந்து சர்வருக்கு, சர்வரிலிருந்து எங்கள் புரோகிராமுக்கு, அங்கிருந்து டேட்டாபேசுக்கு. எல்லோரும் அந்த எண்களை ஒரே முறையில் படிக்க வேண்டும். நடுவில் ஒருவர் வேறு முறையில் படித்தால் போதும், பேர் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். அல்லது வெறும் கேள்விக்குறிகள்.

"எந்தக் கையில உடைஞ்சுச்சுன்னு பாக்கணும்" என்பாள். "கை மாறுற எடத்துலதான் உடையும். நடுவுல உடையாது."

ஒருமுறை செல்வம் என்கிற பையன் ஒரு மண்டபத்துக்காரருக்குச் செய்த பக்கத்தில் எழுத்து உடைந்தது. அவன் இணையத்தில் தேடி ஒரு வரியைக் கண்டுபிடித்துப் போட்டான். திரையில் மாப்பிள்ளை பேரும் பெண் பேரும் அழகாக வந்துவிட்டன. இவள் வந்து உட்கார்ந்தாள். திரையைப் பார்க்கவில்லை, நேராக டேட்டாபேசைத் திறந்தாள். உள்ளே முழுக்கக் கொம்பு முளைத்த எழுத்துகள்.

"என்னடா இது?"

"அக்கா, ஸ்கிரீன்ல சரியா தெரியுதுல்ல?"

"தெரியுது. சரியா இல்ல. உள்ள போகும்போது உடைச்சுட்டு, வெளிய வரும்போது ஒட்டிக் காட்டுற. நாளைக்கு வேற ஒருத்தன் உள்ள இருக்கிறத நேரா எடுத்தான்னா?"

அவன் முனகிக்கொண்டே அந்த வரியை எடுத்தான். தவறு உண்மையில் நாலு வரிக்கு முன்னால் இருந்தது. வந்த எழுத்தை யூடிஎஃப்-8 முறையில் படி என்று சர்வருக்குச் சொல்லவேண்டிய வரியை, பேரைப் படித்து முடித்த பிறகு எழுதியிருந்தான். வரியை மேலே தூக்கி வைத்ததும் எல்லாம் நேரானது. ஏற்கெனவே உடைந்து உள்ளே கிடந்த பேர்களையும் அவளே மீட்டுக் கொடுத்தாள். "சாப்பிட்டு முடிச்சப்புறம் எல போட்ட கதைதான்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆபீசுக்கு வெளியிலும் இதே குணம்தான். பஸ்ஸில் கண்டக்டரிடம் கேட்டதையே டிரைவரிடமும் கேட்பாள். ஓட்டலில் பார்சல் வாங்கினால் அங்கேயே பிரித்து, சட்னி எத்தனை என்று பார்ப்பாள். அவள் கணவர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க், சாதுவான மனுஷன். ஒருநாள் ஆபீசுக்கு வந்தவர் என்னிடம் சொன்னார்: "ஒம்மேல எனக்கு அம்புட்டுப் பிரியம்னு சொன்னாக்கூட, எங்க காட்டுங்கன்னு கேப்பாம்மா இவ." அவள் சிரிக்கவில்லை. "காட்டுனா என்ன?" என்றாள்.

எனக்குக் கரு கலைந்து, கொஞ்ச நாள் கழித்து வேலைக்குத் திரும்பியபோது எல்லோரும் நல்லா இருக்கியா என்று கேட்டார்கள். இருக்கேன் என்றேன். எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது. மத்தியானம் அவள் கேட்டாள், "சாப்பிட்டியா?" சாப்பிட்டேன் என்றேன். என் பையை எடுத்து டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தாள். காலையில் கட்டிய லெமன் சாதம் அப்படியே இருந்தது. தட்டில் கொட்டி என் முன்னால் வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். அந்த மாதம் முழுக்க அப்படித்தான்.

இப்படிப்பட்டவள் பார்க்காத ஒரு இடத்தில்தான் அது நடந்தது.

நகரத்துக்கு வெளியே ஒரு கிறிஸ்தவ அறக்கட்டளை. படிப்பு நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைகள், வேலைக்குப் போன இடத்தில் சிக்கிக்கொண்டவர்கள், வீட்டில் அடி வாங்குகிறவர்கள், இவர்களுக்கு உதவுகிற இடம். நடத்துகிறவர் வயதான ஒரு சிஸ்டர். அவர்களுடைய தளத்தை நாங்கள்தான் செய்து கொடுத்தோம். அதில் "எங்களுக்கு எழுதுங்கள்" என்று ஒரு பக்கம். ஊரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பேர் வேண்டாம். போன் நம்பர் விருப்பமிருந்தால். கீழே பெரிய கட்டத்தில் மனசில் உள்ளதை எழுதி அனுப்பலாம். அனுப்பியதும் பச்சை எழுத்தில் வரும்: "நன்றி. உங்கள் செய்தி கிடைத்தது."

ஒரு கோடையில் அந்தத் தளத்தை வேறு சர்வருக்கு மாற்றினார்கள். அவள் மகனுக்கு டெங்கு, அவனோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வேறு ஆட்கள் மாற்றினார்கள். பழைய செய்திகளெல்லாம் தமிழில் நன்றாகத் தெரிந்தன. யாரோ "டெஸ்ட்" என்று ஆங்கிலத்தில் அடித்து அனுப்பிப் பார்த்தார்கள், வந்து சேர்ந்தது. எங்கள் முதலாளி அண்ணன் "எல்லாம் ஓடுது" என்று சொல்லி முடித்துவிட்டார்.

புரட்டாசியில் நானும் அவளும் வேறொரு வேலையாக அங்கே போயிருந்தோம். சிஸ்டர் காபி கொடுத்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

"இப்பக் கொஞ்ச மாசமா யாரோ வெளையாடுறாங்கம்மா. வெறும் கேள்விக்குறியா அடிச்சு அனுப்புறாங்க. புள்ளைங்க யாரும் இப்ப ஒண்ணும் எழுதுறதில்ல. என்னாச்சோ தெரியல."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "சிஸ்டர், அதக் காட்டுங்க."

சிஸ்டர் தன் மேசைக் கம்ப்யூட்டரைத் திருப்பினார். பக்கம் பக்கமாகக் கேள்விக்குறிகள். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு திரையில் விரலை வைத்தாள்.

"இது வெளையாட்டு இல்ல சிஸ்டர். எடவெளி பாருங்க. வார்த்தை வார்த்தையா பிரிஞ்சிருக்கு. இங்க கமா போட்டிருக்கு. கடைசில புள்ளி வெச்சிருக்கு. இது அம்புட்டும் தமிழு."

சிஸ்டர் புரியாமல் எங்களைப் பார்த்தார். பிறகு புரிந்தது. கை தானாக நெஞ்சில் சிலுவை போட்டது. "அப்ப இந்தப் புள்ளைங்க எல்லாம்..." என்றார்.

தவறைச் சரிசெய்ய அவளுக்கு ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. எங்கள் புரோகிராம் டேட்டாபேசோடு பேசுகிற இடத்தில் ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. பழைய சர்வரில் இருந்தது, புதியதில் இல்லை. அந்தக் கை மாறுகிற இடத்தில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிக் கொண்டிருந்தது. அதை எழுதிச் சேர்த்து, கொழுக்கட்டை என்று அடித்து அனுப்பினாள். கொழுக்கட்டையாகவே வந்தது.

வந்து என்ன செய்ய? முதலாளி அண்ணன் போனில், "அன்னைக்குக்கூட ஒரு மண்டபத்துக்கு மீட்டுக் குடுத்தியேம்மா, இதையும் அப்படிச் செய்யலாம்ல?" என்றார்.

"கொம்பு மொளைச்சிருந்தா உள்ள உசுரு இருக்குண்ணே, திருப்பிரலாம். கேள்விக்குறியானா அது கேள்விக்குறிதான். வேற ஒண்ணுமே இல்ல அங்க" என்றாள்.

அப்படிச் சொன்னவள்தான் அடுத்த சில நாட்கள் சர்வரைச் சல்லடை போட்டுத் தேடினாள். பதிவுகள், காப்புப் பிரதிகள், மெயில்கள். வந்த செய்தியின் வார்த்தைகளை எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. புள்ளைகளின் ரகசியம் வெளியே போகக்கூடாது என்று புரோகிராமை அவளே அப்படி எழுதியிருந்தாள்.

போன் நம்பர் கொடுத்தவர்களைச் சிஸ்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சிலர் எடுத்தார்கள், அழுதார்கள், வந்தார்கள். சிலர் "இப்பத்தான் தெரிஞ்சுச்சாக்கும்?" என்று வைத்துவிட்டார்கள். நம்பர் கொடுக்காதவர்களை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

அதில் ஒன்றுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்ததால் ஊர் மட்டும் உடையாமல் இருந்தது, அலங்காநல்லூர். நீளமான செய்தி. கேள்விக்குறிக் கூட்டத்துக்கு நடுவில், ஆங்கிலத்தில் அடித்ததால் பிழைத்த சொற்கள் சில இருந்தன. பிளஸ் டூ, நர்சிங், ஜூன். அவ்வளவுதான். ஜூன் எப்போதோ போய்விட்டது.

"நர்சிங் சேரணும்னு எழுதியிருக்கா. ஜூனுக்குள்ள எதுவோ ஆகணும்னு கேட்டிருக்கா" என்றாள்.

"ஊகம்தானடி" என்றேன். ஊகிக்காதே, பார் என்று எல்லோருக்கும் சொல்கிறவள் அவள்.

"அதான் பாக்கப் போறேன்" என்றாள்.

அலங்காநல்லூர்ப் பக்கம் அவளுக்குப் பழக்கமான மண். அவள் அப்பா அந்த வயல்களில் கூலி வேலை பார்த்தவர். சனிக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். தையல் வகுப்புக்கு ஆள் எடுக்கிறோம், பன்னிரண்டு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் யாரும் உண்டா என்று விசாரிப்பாள். விஷயம் வெளியே தெரிந்தால் அந்தப் பிள்ளைக்குத்தான் ஆபத்து என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். கடைசியில் ஒரு டீச்சர்தான் சொன்னார்: நர்சிங், நர்சிங் என்று உயிரை விட்ட பிள்ளை ஒன்று இருந்தது. அப்பா கிடையாது. சான்றிதழெல்லாம் சித்தப்பா கையில். "அதுக்குக் கல்யாணம் ஆயிருச்சேம்மா, ஆவணியில. விளாங்குடியிலதான் குடுத்திருக்காக."

எங்கள் ஆபீசுக்குப் பின்தெரு. தினமும் டீ வாங்கப் போகிற வழி.

இருவரும் போனோம். அந்தப் பெண்ணே வந்து கதவைத் திறந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, மாமியார் அதன் முன்னால். நாங்கள் தையல் வகுப்பு என்று ஆரம்பித்தோம். வாங்கி வைத்திருந்த கலர் சோடாவை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். மாமியார் பின்பக்கம் போனதும் இவள் குரலைத் தாழ்த்தி அறக்கட்டளையின் பேரைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

"நீங்க படிச்சுட்டுத்தான் விட்டுட்டீகன்னு நெனச்சேன்க்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"இல்லம்மா. நீ எழுதுனது எங்களுக்கு வந்து சேரல. எழுத்து எல்லாம் உடைஞ்சு போச்சு. வெறும் கேள்விக்குறியாத்தான் வந்துச்சு."

"கெடச்சதுன்னு வந்துச்சேக்கா. பச்சையா."

எந்தக் கேள்விக்கும் இடத்தைக் காட்டிப் பதில் சொல்கிறவள், கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் எழுதுனத யாருமே படிக்கலயா?" என்று அந்தப் பெண் மறுபடி கேட்டாள்.

"யாருமே படிக்கல. என்னம்மா எழுதியிருந்த? இப்பச் சொல்லு. அடுத்த வருஷம் சேர்றதுக்கு..."

"அது வேணாம்க்கா." பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். "சித்தப்பாவப் பத்தி எழுதிருந்தேன். யாரும் படிக்காததும் நல்லதுக்குத்தான். இருக்கிறத அழிச்சுருங்க."

"அதுல ஒண்ணுமே தெரியாதும்மா."

"இருந்தாலும் அழிச்சுருங்கக்கா."

மாமியார் திரும்பி வந்துவிட்டார். தையல் வகுப்புக்கு எங்க வீட்டுப் புள்ளைக்கு நேரம் கிடையாது என்றார். எழுந்து வந்தோம்.

ஆபீசுக்கு வந்ததும் அந்தச் செய்தியைத் திறந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் அதையே படிப்பதுபோலப் பார்த்தாள். பிறகு அழித்தாள். அழிந்துவிட்டதா என்று மறுபடி திறந்து பார்க்கவில்லை. அவள் ஒன்றைச் சரிபார்க்காமல் விட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் வேறு ஆளாகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. அதே ஆள்தான், இன்னும் கொஞ்சம் கூடுதலாக. பச்சை எழுத்தை எல்லாத் தளங்களிலிருந்தும் எடுக்கவேண்டும் என்றாள். அதற்குப் பதிலாக, டேட்டாபேசில் போய் உட்கார்ந்ததைத் திரும்ப எடுத்து, "எங்களுக்கு வந்து சேர்ந்தது இதுதான், சரியா?" என்று எழுதினவருக்கே காட்டவேண்டும் என்றாள். சிஸ்டர் உடனே ஒத்துக்கொண்டார். மற்ற வாடிக்கையாளர்கள், பக்கம் அசிங்கமாக இருக்கிறது, எதற்கு இன்னொரு பக்கம் என்றார்கள். "கிளையன்ட் கேக்காததச் செய்ய வேணாம்மா" என்றார் முதலாளி அண்ணன். அவர் கெட்டவர் இல்லை. சம்பளம் போடவேண்டும் அவருக்கு.

அவள் எந்த வேலையையும் கையை விட்டு அனுப்ப மறுத்தாள். இன்னொரு தடவை பார்க்கிறேன், இன்னொரு தடவை என்பாள். தேதிகள் தள்ளிப் போயின. எனக்கு வருகிற போன்களில் திட்டு ஏறியது. பையன்கள் அவள் வருவதைப் பார்த்தால் திரையை மாற்றினார்கள். அது உன் தப்பே இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "தெரியும்" என்பாள். "நான் இருந்திருந்தா ஒரே ஒரு தடவ தமிழ்ல அடிச்சிருப்பேன், அம்புட்டுத்தான். அதுவும் தெரியும்."

பின்தெரு வழியாக டீ வாங்கப் போவதை நிறுத்திவிட்டாள்.

அவள் கணவருக்குக் கோவில்பட்டிப் பக்கம் மாற்றல் வந்தபோது வேலையை விட்டாள். அங்கே பெரிய கம்பெனிக்கு வீட்டிலிருந்தே செய்யலாமே என்று எல்லோரும் சொன்னோம். செய்யவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளைகளின் பேரைப் பதிகிற வேலை. எங்கள் கம்பெனியில் அவள் அளவுக்கு எழுத்தின் வலி தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இன்றைக்கும் எங்காவது கேள்விக்குறி வந்தால் பையன்கள் இணையத்தில் கிடைத்த வரியை ஒட்டிவிட்டு, திரையில் தெரிந்ததும் மூடிவிடுகிறார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார ஆள் இல்லை.

போன மாதம் என் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்காக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். வார்டில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண் என்னையே பார்த்தாள். எனக்கு அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரமானது. உடம்பு பெருத்திருந்தது.

"தையல் வகுப்பு அக்காதான நீங்க?" என்று சிரித்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. இரண்டு பிள்ளைகள். அம்மாவை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றினாள். தலையணையை எந்தப் பக்கம் வைக்கவேண்டும், எந்தக் கையில் ஊசி போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். "கூட வந்த இன்னொரு அக்கா நல்லா இருக்காகளா?" என்று கேட்டாள். இருக்காங்க என்றேன். "கேட்டேன்னு சொல்லுங்க" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

வெளியே வந்து கோவில்பட்டிக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னேன்.

"ஆஸ்பத்திரியிலயா? நர்ஸாவா?"

நர்ஸ்தான் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் எங்கே காட்டு என்பாள்.

"இல்லடி. ஆயா வேலை."

அவள் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பது கேட்டது, பிள்ளைகள் ஓடுவது கேட்டது.

"எப்படி இருக்கா? சந்தோஷமா இருக்காளா?"

"சிரிச்சுப் பேசுனாடி. உன்னைக் கேட்டா. சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா."

"சிரிச்சத நான் கேக்கல" என்றாள்.

நான் வார்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் அடுத்த கட்டிலில் ஒரு கிழவரைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. போனைக் காதில் வைத்தபடியே ரொம்ப நேரம் நின்றேன். அவளும் வைக்கவில்லை.